வயர் இல்லாத கம்பிகள்

"தெரியுதாலே?"

"இல்ல மாமா, புள்ளிபுள்ளியா வருது."

"இப்ப?"

"வருது… வருது… அய்யோ, போச்சு. முன்னால இருந்த இடத்துக்கே கொண்டுவாங்க மாமா!"

எண்பதுகளில் தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சை விளக்க வேண்டியதில்லை. மாமா மொட்டைமாடியில் ஜி.ஐ. பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்குள் டி.வி. முன்னால் அத்தையும் பக்கத்து வீட்டு ஆச்சிகளும் உட்கார்ந்திருப்பார்கள். நான் முற்றத்தில் நின்று உள்ளே கேட்டதை மேலே சொல்வேன், மேலே கேட்டதை உள்ளே சொல்வேன். பைப்பின் உச்சியில் மீன்முள் மாதிரி ஓர் அலுமினியக் கூடு. அதிலிருந்து இறங்கிய பட்டை வயர் சுவரோரமாக வந்து ஜன்னல் வழியே பூஸ்டருக்குப் போகும். ஊரில் எந்த மாடியில் நின்று பார்த்தாலும் அத்தனை மீன்முள்ளும் ஒரே பக்கம் முகம் திருப்பியிருக்கும். தென்கிழக்கு, அதாவது கடல்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. அங்கே 1982 பிப்ரவரி 15ஆம் தேதி ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் நின்றது இலங்கையிலேயே உயரமான பீதுருதாலகாலை மலையில், 2,524 மீட்டர் உயரத்தில். தூத்துக்குடியிலிருந்து அந்த மலை ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கணக்குப்படி அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் அலை நேர்கோட்டில் 200 கிலோமீட்டர் சொச்சம்தான் எட்டும். பூமி வளைந்துவிடுகிறதே! ஆனாலும் படம் வந்தது. கடல்மேல் காற்று அசையாமல், சூடும் குளிர்ச்சியும் அடுக்கடுக்காகப் படிந்து நிற்கும் இரவுகளில் அந்த அடுக்குக்குள் அலை வளைந்து வளைந்து வந்து சேரும். எங்கள் மாமாவுக்கு இந்த அறிவியல் தெரியாது. "புழுக்கமா இருந்தா நல்லா வரும், காத்தடிச்சா வராது" என்பது மட்டும் தெரியும். இரண்டும் ஒன்றுதான்.

மாமா திருப்பிய அந்தக் கூட்டுக்குப் பெயர் உண்டு என்று எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து, ஹாம் ரேடியோ லைசென்ஸ் தேர்வுக்குப் படித்தபோது. பாடப்புத்தகத்தில் அதே மீன்முள் படம். கீழே 'யாகி' என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து அந்தக் கம்பிகளை நான் விட்டதில்லை. அவை எங்கே பிறந்தன, யார் கைக்கெல்லாம் போயின, எப்படி எங்கள் மாடிக்கு வந்தன என்று தேடிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

முதலில் கம்பியைப் பார்த்துவிடுவோம். பழைய டி.வி. ஆன்டெனா எங்காவது கிடைத்தால் உற்றுக் கவனியுங்கள். நான்கைந்து குறுக்குக் கம்பிகள் இருக்கும். வயர் இணைந்திருப்பது ஒன்றில் மட்டும், மடித்து வளையம்போல் இருக்கிற அந்த ஒரு கம்பியில். மற்றவை நடுத்தண்டில் சும்மா திருகி வைத்தவை. எதனோடும் தொடர்பில்லை. சின்ன வயதில் அவை அழகுக்கு என்றே நினைத்திருந்தேன். உண்மையில் கூட்டின் திறமெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது.

அலை வந்து படும்போது எல்லாக் கம்பியிலும் மின்னோட்டம் எழுகிறது. மின்னோட்டம் எழுந்த கம்பி தானும் ஓர் அலையைத் திருப்பி வீசும். வயர் உள்ள கம்பியைவிடப் பின்னால் உள்ளது ஐந்து சதவீதம்போல நீளம் கூடியிருக்கும், முன்னால் உள்ளவை அதே அளவு குறைந்திருக்கும். இந்தச் சின்ன நீள வித்தியாசத்தால் ஒவ்வொரு கம்பியும் திருப்பி வீசும் அலை சற்றே முந்தியோ பிந்தியோ போகிறது. முன்பக்கத்தில் எல்லாம் கைகோத்துக் கூடுகின்றன. பின்பக்கத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிகின்றன. விளக்குக்குப் பின்னால் கண்ணாடி வைத்ததுபோல சக்தி ஒரே பக்கம் குவிகிறது. கூடுதல் மின்சாரமோ இயந்திரமோ கிடையாது. அலுமினியம் ஆனாலும் பித்தளை ஆனாலும் இரும்பு ஆனாலும் வேலை செய்யும். நீளமும் இடைவெளியும் சரியாக இருந்தால் போதும்.

இதைக் கண்டுபிடித்த இடம் ஜப்பானில் செண்டாய் நகரம், அங்கிருந்த தொஹோக்கு பேரரசுப் பல்கலைக்கழகம். பேராசிரியர் ஹிதெட்சுகு யாகி; அவருக்குக் கீழே ஆய்வு செய்தவர் அவரைவிடப் பத்து வயது இளையவரான ஷிண்டாரோ உடா. 4.4 மீட்டர் அலைநீளத்தில் கம்பியை நீட்டிக் குறைத்து, தள்ளி நெருக்கி அளந்து அளந்து பார்த்தவர் உடா. 1926 பிப்ரவரியில் இருவர் பெயரிலும் முதல் கட்டுரை வந்தது. அதன் பிறகு உடா ஜப்பானிய மொழியில் தொடர்ச்சியாக எழுதினார். 1928இல் யாகி அமெரிக்கா சென்று பேசியதும், ரேடியோ பொறியாளர் கழகத்தின் இதழில் ஆங்கிலத்தில் அவர் எழுதிய கட்டுரை வெளிவந்ததும்தான் உலகத்தின் காதில் விழுந்தன. அந்தக் கட்டுரைக்குள் உடாவின் உழைப்பை யாகி ஒளிக்கவில்லை, பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். ஆனால் காப்புரிமை யாகி பெயரில். ஆங்கிலக் கட்டுரையின் தலையிலும் யாகி பெயர் ஒன்றுதான். அதனால் கம்பிக்கும் அந்த ஒரு பெயரே ஒட்டிக்கொண்டது. விவரம் தெரிந்தவர்கள் இன்று 'யாகி-உடா' என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கும் அப்படிச் சொன்னால்தான் மனம் ஆறுகிறது. அளந்தவன் பெயரை விட்டுவிட்டு ஆன்டெனாவைப் பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

பிறந்த வீட்டில் அதற்குப் பெரிய மரியாதை கிடைக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் சகாட்டா துறைமுகத்துக்கும் எதிரே கடலுக்குள் இருந்த தொபிஷிமா என்ற சின்னத் தீவுக்கும் இடையே தொலைபேசி இணைப்புக்கு இதைப் பயன்படுத்தினார்கள். கடலைத் தாண்டிப் பேச்சைக் கொண்டுபோனதுதான் அதன் ஆரம்பகால உத்தியோகங்களில் ஒன்று என்பது தூத்துக்குடிக்காரனான எனக்குப் பெரிய சந்தோஷம். அதற்கு மேல் ஜப்பானிய ராணுவம் இதைக் கண்டுகொள்ளவில்லை. வெளிநாட்டு உரிமைகளோ பிரிட்டனில் மார்க்கோனி நிறுவனத்துக்கும் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ.வுக்கும் போய்விட்டன. அங்கே ரேடார் பிறந்துகொண்டிருந்த நேரம். ஒரே பக்கம் அலையைக் குவிக்கிற, எடை குறைந்த, விமானத்தின் மூக்கிலும் இறக்கையிலும் திருகிவிடக்கூடிய ஆன்டெனா அவர்களுக்குத் தேவைப்பட்டது. கடல்மேல் கப்பலையும் நீர்மூழ்கியையும் தேடிய பிரிட்டிஷ் விமானங்களில் யாகிக் கம்பிகள் முளைத்தன.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. (ரூபவாஹினி தொடங்கியது சரியாக நாற்பது ஆண்டு கழித்து அதே தேதியில். தேதிகள் இப்படித்தான் சில நேரம் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்காரும்.) பிரிட்டிஷ் படை விட்டுப்போன ரேடார் கருவிகளை ஜப்பானியப் பொறியாளர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார்கள். குப்பையில் எரியாமல் கிடந்த ஒரு நோட்டும் கிடைத்தது. தேடுவிளக்கை விமானத்தின் பக்கம் திருப்ப உதவும் ரேடாரைப் பற்றி நியூமன் என்ற கீழ்நிலைப் படைவீரர் வகுப்பில் எழுதி வைத்த குறிப்பு அது. படித்தவர்களுக்கு எல்லாம் விளங்கியது, ஒரு சொல்லைத் தவிர. ஆன்டெனா என்று வரும் இடமெல்லாம் அதன் முன்னால் 'யாகி' என்று இருந்தது. என்ன சொல் இது, சுருக்கெழுத்தா, சங்கேதமா என்று குழம்பி, கடைசியில் சிறைப்பட்டிருந்த நியூமனையே கேட்டார்கள். அவர் திகைத்துப்போனார். இதைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர்தானே அது, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

அந்தச் சிறை அறையை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்ட அதிகாரியின் முகம் எப்படி மாறியிருக்கும்! சொந்த ஊரில் பதினாறு வருடமாக இருந்த பொருளின் பெயரை எதிரியின் வாயால் கேட்பது என்பது சாதாரணமா?

அந்தக் கம்பியின் பயணத்தில் எனக்கு எழுதக் கை நடுங்குகிற இடம் ஒன்று உண்டு. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாமேல் விழுந்த குண்டு தரையைத் தொடும் முன்பே, சுமார் 580 மீட்டர் உயரத்தில் வெடித்தது. உயரத்தை அளந்து வெடிக்கும் நேரத்தைச் சொன்னவை அதனுள் இருந்த சிறு ரேடார்கள். அந்த ரேடார்களின் ஆன்டெனாக்கள் யாகி வகை. குண்டின் உடலிலிருந்து சின்னஞ்சிறு மீன்முட்களாக நீட்டிக்கொண்டிருந்தன. செண்டாயில் பிறந்த கம்பி இருபது வருடத்தில் பிறந்த நாட்டுக்கு இப்படித் திரும்பியது. யாகியும் உடாவும் அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். இருவரும் இறந்தது 1976இல்.

உடா நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1950களின் பின்பாதியில் யுனெஸ்கோ நிபுணராக டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அவர் இங்கிருந்து போன சில காலத்தில், 1959 செப்டம்பர் 15 அன்று, டெல்லியில் பரிசோதனையாக டெலிவிஷன் தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது. வீட்டுக்கு வீடு மாடியில் அவருடைய கம்பிகள் ஏறின. எங்கள் பக்கத்துக்குச் சென்னை எட்டாது. எங்களுக்கு ரூபவாஹினிதான். அந்த நிலையத்தைக் கட்டிக் கொடுத்தது ஜப்பான் அரசின் உதவிப் பணம். ஜப்பான் பணத்தில் எழுந்த கோபுரத்திலிருந்து வந்த படத்தை, ஜப்பானில் பிறந்த கம்பியால் பிடித்தோம். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எங்கள் தெருவில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. காக்கை உட்கார்ந்து கம்பி சாய்ந்தால் மாமா ஏறுவார், அவ்வளவுதான்.

கேபிள் டி.வி. வந்தது. இரண்டு மூன்று வருடத்துக்குள் மாடிகள் மொட்டையாயின. ஜி.ஐ. பைப் கொடிக்கயிறு கட்டப் போயிற்று. அலுமினியக் கூடு எடைக்குப் போயிற்று.

நான் அந்தச் சமயம் வேலைக்காகச் சென்னையில் இருந்தேன். கையில் புதிதாக வந்த ஹாம் லைசென்ஸ், வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி. ஹாம்கள் என்றால் ரேடியோவைப் பொழுதுபோக்காகக் கையாள அரசு உரிமம் பெற்றவர்கள். பரீட்சை எழுத வேண்டும். மேல்நிலை உரிமத்துக்கு மோர்ஸும் கேட்பார்கள். எங்களுக்கு என்று அலைவரிசைகள் ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளதை 'டூ மீட்டர்' என்போம். காயலான் கடை ஒன்றின் வாசலில் டி.வி. ஆன்டெனாக்களைக் கட்டுக்கட்டாகப் போட்டிருந்ததைப் பார்த்தேன். எல்லாம் சென்னையின் நான்காம் சேனலுக்குச் செய்தவை. அதன் கம்பி இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். டூ மீட்டருக்கு வேண்டியதோ ஒரு மீட்டர்க் கம்பி. ஒன்றை நடுவில் அறுத்தால் இரண்டு! எடை போட்டுத்தான் வாங்கினேன். அன்றிரவே இரும்பு வாளால் அறுத்து, அரத்தால் முனை தேய்த்து, பழைய ஓட்டைகளிலேயே திருகி, மாடியில் ஏற்றினேன். அது வரை சாதாரணச் சாட்டை ஆன்டெனாவில் கேட்டும் கேட்காமலும் இருந்த குரல்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வந்தன. டி.வி. யுகம் முடிந்து எடைக்குப் போன கம்பிகள் பல ஹாம்களின் மாடிகளில் இப்படித்தான் மறுபடியும் கடமைக்கு நின்றன. டி.வி.க்குப் படுத்திருந்த கம்பிகளை எஃப்.எம். பேச்சுக்கு நிமிர்த்தி நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் வித்தியாசம். அலை எப்படி நிற்கிறதோ அப்படிக் கம்பியும் நிற்க வேண்டும்.

ஆனால் மாடியில் நிற்பது பாதி வாழ்க்கைதான். ஹாம்களுக்கு வெளியே போவதில் தனி ஆசை. மலையுச்சிக்கு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்து பேசுவதை ஒரு விளையாட்டாகவே 2002இல் பிரிட்டனில் தொடங்கினார்கள், அது நாடு நாடாகப் பரவிவிட்டது. சிற்றலையில் பேசுகிறவர்கள் மடக்கும் தூண்டில் கழியை நிறுத்தி, பத்து மீட்டர் வயரைச் சரித்துக் கட்டி, பேட்டரியோடு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தமானில் அரிதான அழைப்புக்குறியோடு ஒலிபரப்ப 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேர் போயிருந்தது. 26ஆம் தேதி சுனாமி. தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அந்தப் பெட்டிகள் வழியேதான் பலருக்கு, உறவுகள் உயிரோடு இருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. தூக்கிப் போகும் நிலையம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

யாகியைத் தூக்கிப் போவதில் ஒரு சிரமம் உண்டு. ஒரு மீட்டர்க் கம்பி பஸ்ஸில் அடுத்தவர் கண்ணைக் குத்தும். இதற்கு அமெரிக்க ஹாம் ஒருவர் சொன்ன தீர்வை நினைத்து நினைத்து வியக்கிறேன். தச்சர் வைத்திருக்கும் எஃகு அளவு நாடாவையே கம்பியாக வைத்துவிட்டார்! மடித்தால் மடியும், விட்டால் தானாக நிமிரும். ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடிக் கண்டுபிடிக்கும் 'நரி வேட்டை' போட்டிக்காகப் பிறந்தது இது. புதருக்குள் நுழைந்து ஓடினாலும் ஒடியாது.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஓர் அங்குல அகல நாடா, அரை அங்குல பி.வி.சி. பைப், இரண்டு கிராஸ், ஒரு டீ, ஆறு ஓஸ் கிளாம்பு. எல்லாம் தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே இருந்தன. பின் நாடா 105 செ.மீ. நடுவில் 45, 45 என்று இரண்டு துண்டு, இடையே ஓர் அங்குலம் வெளி. முன் நாடா 89. பின்னுக்கும் நடுவுக்கும் 20 செ.மீ., நடுவுக்கும் முன்னுக்கும் 32. நடுத்துண்டு இரண்டையும் ஐந்து அங்குலச் செம்பு வயர் ஒன்று கொண்டை ஊசிபோல் வளைந்து இணைக்கிறது. கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் ஒத்துப்போக வைப்பது அந்த வளைவுதான்.

முதலில் செய்தது வேலை செய்யவில்லை. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் முள் ஏறி நின்றது, அதாவது அனுப்பும் சக்தி வெளியே போகாமல் ரேடியோவுக்கே திரும்பி வருகிறது. இரண்டு நாள் நீளத்தையே சந்தேகப்பட்டுக் கால் அங்குலம், அரை அங்குலம் என்று நறுக்கினேன். குற்றம் நீளத்தில் இல்லை. நாடாவின் மஞ்சள் பெயின்ட்டை அரைகுறையாகச் சுரண்டிவிட்டுச் சால்டர் வைத்திருந்தேன். ஈயம் பளபளவென்று பெயின்ட்டின்மேல் உட்கார்ந்திருந்தது, எஃகைப் பிடிக்கவே இல்லை. உப்புத்தாளால் வெள்ளை எஃகு தெரியும்வரை தேய்த்து, முதலில் ஈயம் பூசி, பிறகு வயரை வைத்தேன். புது நாடா, அதே பழைய அளவு. முள் ஒன்றரைக்குக் கீழே இறங்கி நின்றது. நாடாவின் முனை கத்தி மாதிரி, மூலையைக் கத்தரித்து இன்சுலேஷன் டேப் சுற்றாமல் யாரும் கையில் எடுக்கக் கூடாது.

இப்போது என் நிலையம் ஒரு தோள்பையில் அடங்கும். ஐந்து வாட் கைரேடியோ, மடக்கிய நாடா யாகி, ஒரு மீட்டர் கேபிள், நோட்டு, பேனா, தண்ணீர். இதை வைத்துக்கொண்டு விண்ணிலிருந்து வரும் குரலைக் கேட்கலாம் என்றால் பலர் நம்புவதில்லை. ஹாம்களுக்காகவே இஸ்ரோ செய்த ஹாம்சாட் 42.5 கிலோ எடை, 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. 2014 ஜூலை வரை உயிரோடு இருந்தது. 'வி.ஓ.-52' என்று உலகம் முழுக்க அதை அழைத்தார்கள். இப்போது எளிதாகக் கிடைப்பது சர்வதேச விண்வெளி நிலையம். 145.800 மெகாஹெர்ட்ஸில் அங்கிருந்து சில சமயம் படங்கள் அனுப்புவார்கள். படம் ஒலியாக வரும். கிர்ர் என்று ஒரு சீழ்க்கைபோல. போனில் உள்ள செயலி அதைக் கேட்டு ஒரு கோடு, இன்னொரு கோடு என்று வரையும். ஒரு படம் முடிய இரண்டு நிமிடம். நிலையம் தலைக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு தடவை கடக்கப் பத்து நிமிடம், அதற்குள் மூன்று நான்கு படம் கிடைத்தால் அதிகம்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகள் போனைப் பிடித்துக்கொண்டாள். மாமா வீட்டு மாடிதான். பைப் நின்ற இடத்தில் சிமென்ட் குழி இன்னும் இருக்கிறது. சாயங்காலம் ஆறே முக்கால், வடமேற்கிலிருந்து எழுந்து தென்கிழக்கில் இறங்கும் பாதை. முதலில் வெறும் இரைச்சல். பிறகு இரைச்சலுக்கு அடியிலிருந்து சீழ்க்கை மேலே வந்தது. நான் நாடாவை வானத்தில் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன்.

"கோடு விழுது மாமா."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு… இப்ப புள்ளிபுள்ளியா ஆகுது. கையைத் திருகுங்க. இல்ல, அந்தப் பக்கம். ஆங், அப்படியே."

நிலையம் வானத்தைக் கடக்கும்போது நமக்கு வந்து சேரும் அலையின் சாய்வும் மாறுகிறது, மணிக்கட்டைத் திருகினால் நாடாவும் கூடச் சாயும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டாள்.

மூன்றாவது படம் பாதிக்கு மேல் வந்தபோது ஆன்டெனா கடலை நோக்கிச் சாய்ந்திருந்தது. கீழ்வானத்தில் விளக்குகள் சில, மீன்பிடிப் படகுகளாக இருக்கும். காற்று இல்லை, நல்ல புழுக்கம். கோடுகள் மங்கி, இரைச்சல் ஏறி, நின்றுவிட்டது. அவள் போனை என் பக்கம் திருப்பினாள். மேலே முக்கால் பங்கு வண்ணம், கீழே மணல் கொட்டியதுபோலப் புள்ளிகள். அதையும் அழிக்காமல் சேமிக்கச் சொன்னேன். நோட்டில் நேரம் குறித்தோம். பிறகு நாடாவை மடித்து, ரப்பர் போட்டு, பைக்குள் வைத்தேன்.